காளிமுத்துச் சாமிக்குச் சலாம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை வேறு யாரும் சொல்ல வேண்டாம், என் புருஷனே நாலு பேர் கேட்கச் சொல்லுவார். தோட்டத்தில் ஓர் அநியாயம் கண்ணில் பட்டுவிட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது. கங்காணி ஆனாலும் சரி, கணக்கப்பிள்ளை ஆனாலும் சரி, மூஞ்சிக்கு நேரே கேட்டுவிடுவேன். ஆனால் வேலாயி அக்காவுக்கு நடந்த அநியாயத்தில் என் வாய் ஒன்றுக்கும் உதவவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

கெலிஓயாவுக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் கோப்பித் தோட்டம். கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் வேலாயி அக்காவின் காம்பராவும் என் காம்பராவும் ஒட்டினாற்போல இருக்கும். நடுவில் ஒரு மண்சுவர், அவ்வளவுதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து நாங்கள் நடந்து வந்தபோது, மாத்தளைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் அவள் புருஷனை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது மகன் காளிமுத்து ஒருவன். மீசை அரும்பிய வயசிலேயே அவன் பெரிய கங்காணி வீரையாவோடு மல்லுக்கு நின்றான். கோப்பிக் கிளையை ஒடித்துவிட்டான் என்று கங்காணி பிரம்பால் விளாசினார். இவன் பிரம்பைப் பிடுங்கி முறித்து அவர் காலடியில் போட்டுவிட்டு, மறுநாளே கண்டிக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டான். மலாய்க்காரர் பட்டாளம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதில் நம் ஆட்களும் கொஞ்சப் பேர் இருந்தார்கள்.

ஒரே ஒரு தடவை லீவில் வந்தான். கரும்பச்சைச் சட்டை, இடுப்பில் தோல்வார். லயத்து வாசலில் விறைப்பாக நின்று, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், “ஆத்தா, சலாம்!” என்றான். வேலாயி அக்கா வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க லயத்துக் குஞ்சு குளுவான் எல்லாம் அவன் பின்னாலேயே சலாம் போட்டுக்கொண்டு திரிந்தன. அதற்குப் பிறகு அவனைக் கப்பலில் ஏற்றிக் கிழக்கே ஏதோ ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவர் மடவளை லாபிர் நானா. மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வருகிற முஸ்லிம் வியாபாரி. அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். நல்ல மனுஷர், வாயில் பொய் வராது. அன்று மாட்டுச் சுமையை இறக்காமலே வேலாயி அக்கா முன்னால் வந்து நின்று ஒரு துணி மூட்டையை நீட்டினார். உள்ளே அந்தப் பச்சைச் சட்டை இருந்தது.

“தங்கச்சி, மனச தைரியமா வச்சுக்கோங்க. அந்தத் தீவுல காய்ச்சல் வந்து சிப்பாய்மார் கொத்துக் கொத்தா போயிட்டாங்களாம். கண்டிக்குத் திரும்பி வந்த ஒரு மலாய்ப் பையன்தான் இதத் தந்தான். காளிமுத்துவ ஆஸ்பத்திரியில கெடத்தி மூஞ்சிய மூடிட்டாங்க, அவன் உம்மாக்கிட்ட இதச் சேர்த்துருங்கன்னு சொன்னான். நான் வேற என்னத்தச் சொல்ல?”

ஆள் வரவில்லை, சட்டைதான் வந்தது. எங்கள் சீமையில் ஆயுதம் எடுத்துப் போய்ச் செத்தவனைச் சும்மா விடமாட்டோம். அவன் பட்டவன். அவனுக்குக் கல் நட்டு, சேவல் அறுத்து, சாராயமும் சுருட்டும் வைத்துக் கும்பிட வேண்டும். இல்லாவிட்டால் பசியோடு அலைவான். காய்ச்சலில் செத்தவன் எப்படிப் பட்டவன் ஆவான் என்று ஒரு பெரியவர் இழுத்தார். “பட்டாளத்துல செத்தா பட்டவன்தான்” என்று வேலாயி அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கருமாதி பண்ணி, லயத்துக்குக் கீழே பலாமரத்தடியில் குழி வெட்டி, சட்டையை உள்ளே வைத்து மூடி, மேலே கல்லை நட்டார்கள். சாமிக் கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டுவதுதான் வழக்கம். இவள் பிடிவாதமாகப் பச்சைத் துணி கட்டினாள்.

அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை தோறும் வேலை விட்டு வந்ததும் லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கல்லுக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவாள். கண்டியில் போகம்பரைப் பக்கம் பட்டாளம் கவாத்துப் பண்ணுவதை எப்போதோ பார்த்திருக்கிறாள். அதே மாதிரி இங்கேயும் நடத்தினாள்.

“நெஞ்ச நிமித்துடா! ஏய், மூக்கத் தொடச்சிட்டு நில்லுடி!” என்று அதட்டுவாள். எல்லோரும் அசையாமல் நின்ற பிறகு, “யாருக்குச் சலாம்?” என்பாள்.

“காளிமுத்துச் சாமிக்குச் சலாம்!” என்று அத்தனை பிள்ளைகளும் மலை அதிரக் கத்துவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பிடி பொரிகடலை.

கதையும் சொல்லுவாள். காளிமுத்து ஒற்றை ஆளாக ஏழு பேரை வெட்டிச் சாய்த்துவிட்டு, வெள்ளைக்கார ராணியின் கொடி மண்ணில் விழாமல் பிடித்துக்கொண்டே உயிரை விட்டானாம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்க்கா இப்பிடி அளக்குற? காய்ச்சல்ல போனான்னுதானே நானா சொன்னாரு?”

“காய்ச்சல்ல போனவனுக்கு எந்தப் புள்ளடி சலாம் வைக்கும்?” என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் என்ன பேச? பெற்றவள் வயிறு. கல்லைப் பார்த்து எவனாவது பழித்தால் கல்லாலேயே அடித்து விரட்ட வேண்டும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தாள். பட்டாளத்துச் சாமியைப் பழித்தால் நாக்கு அழுகிவிடும் என்றும் சொல்லி வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் அந்தப் பக்கம் வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று சலாம் வைப்பதைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். ராணிக்காக உயிர் கொடுத்தவன், நம் தோட்டத்துப் பையன், நான்தான் வளர்த்தேன் என்று வீரையா கங்காணி கூசாமல் சொன்னார். துரை இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வருஷத்தில் ஒரு நாள் கல்லுக்குப் பொங்கல் வைக்க வேலையை அரை நாளோடு விடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கங்காணியைக் கேட்க வேண்டுமா? பிரம்பை முறித்த பயலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அடுத்த வருஷம் சுற்றுப்பட்ட தோட்டங்களில் எல்லாம் அம்மை போட்டுப் பிள்ளைகள் செத்தார்கள். எங்கள் லயத்தில் மட்டும் ஒன்றும் போகவில்லை. பாலம்மாவின் மகள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவள், கல்லடி மண்ணைப் பூசியதும் கண்ணைத் திறந்தாள். பிறகென்ன, பிறந்த ஆண் பிள்ளைக்கெல்லாம் காளிமுத்து என்றுதான் பேர். கோப்பி இலையின் அடியில் மஞ்சள் தூள் பூத்து மரம் மரமாக மொட்டையாகிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்திலும் ஓரத்தில் வந்துவிட்டது. சாமி பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் கல்லையே நம்பி இருந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அவன் வந்தான்.

அன்றும் வெள்ளிக்கிழமை. வேலாயி அக்கா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை, பிள்ளைகள் முன்கூட்டியே பலாமரத்தடியில் கூடியிருந்தார்கள். நான் விறகுக் கட்டோடு மேலே இருந்து வந்துகொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக ஒருவன் தடியை ஊன்றிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நிற்பது தெரிந்தது.

“இது யாரு சாமி?” என்று பிள்ளைகளைக் கேட்டான்.

“காளிமுத்துச் சாமி! பட்டாளத்துச் சாமி! ஏழு பேர வெட்டுன சாமி!”

அவன் கல்லைப் பார்த்தான், பச்சைத் துணியைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தான்.

“அட கிறுக்குப் புள்ளைகளா! நான்தான்டா காளிமுத்து!”

முதல் கல் அவன் தோளில் பட்டது. இரண்டாவது நெற்றியில். நான் விறகைப் போட்டுவிட்டு, “அடேய், நிறுத்துங்கடா, நாசமாப் போறவனுங்களா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர்களா நிறுத்துவார்கள்? ஆத்தா சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்கள். நான் போய் இரண்டு பேர் முதுகில் வைத்த பிறகுதான் சிதறி ஓடினார்கள். அவன் மண்ணில் உட்கார்ந்து, முகத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் மஞ்சள் பூத்துக் கிடந்தது.

“சித்தி, என்னத் தெரியலையா?”

தெரிந்தது.

வேலாயி அக்கா வந்தாள். கத்தவில்லை, ஓடி வரவும் இல்லை. மெதுவாகக் கிட்டே வந்து, அவன் காதைப் பிடித்துத் திருப்பி, சின்ன வயசில் நாய் கடித்த வடுவைத் தடவிப் பார்த்தாள். “ஏன்டா இப்பிடி மெலிஞ்சு போயிட்ட?” என்றாள்.

ஆஸ்பத்திரியில் செத்துவிட்டான் என்று மூடிப் போட்டவன் மறுநாள் தண்ணீர் கேட்டிருக்கிறான். அதற்குள் கூட்டாளி சட்டையை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் விட்டு விட்டு வந்த காய்ச்சலோடு அங்கேயே கிடந்து, பட்டாளத்தையே கலைத்துவிட்டார்கள் என்றதும் எப்படியோ கரை சேர்ந்திருக்கிறான். அன்று அவள் காம்பராவில் அடுப்பு எரிந்த சத்தம்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் “காளிமுத்து, காளிமுத்து” என்று சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சந்தோஷம் விடியும் மட்டும்தான். காலையில் பேர் வாசிக்கிற பிரட்டுக்களத்தில் தோட்டமே கூடி நின்றது. வேலாயி அக்கா மகனைத் தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, இவன் பேரையும் சேர்த்து வாசியுங்கள் என்றாள்.

“செத்தவன் பேர வாசிக்கச் சொல்றியா வேலாயி?” என்றார் கங்காணி.

“உசுரோட நிக்கிறான், கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?” என்று நான் குரலை உயர்த்தினேன்.

“நல்லம்மா, நீ வாய மூடு. நிக்கிறது யாருன்னு யாருக்குத் தெரியும்? கருமாதி பண்ணியாச்சு. சட்டையப் பொதச்சுக் கல்லு நட்டு, வருசா வருசம் சேவல் குடுத்தாச்சு. தொரையே தொப்பியக் கழட்டியிருக்காரு. இவன் காளிமுத்துன்னா அந்தக் கல்லு பொய். சரி, புடுங்கிருவோம். யாரு கை வைக்கிறீங்க? முன்னால வாங்க.”

ஒருவரும் வரவில்லை. பாலம்மா தன் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

“கல்லுல சாமி இல்லன்னா எம்புள்ளயக் காப்பாத்துனது யாரு? நாளைக்கு மறுபடி அம்மை வந்தா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? வேலாயி அக்கா, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், கல்லுல மட்டும் கை வச்சுராத!”

அவள் பேச்சில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. இது பட்டவன் உருவத்தில் வந்த பேய் என்று பின்னாலிருந்து ஒருவன் முணுமுணுத்தான். தாய்மார் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே போய்க் கேட்டேன், இவன் கையில் மாங்காய் வாங்கித் தின்னலையா, இவன் தோளில் உன் பிள்ளை சவாரி போகலையா என்று. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் புருஷனும் தரையைத்தான் பார்த்தார்.

கடைசியில் கங்காணி இரக்கப்பட்டவர் மாதிரி ஒரு வழி சொன்னார். “இருக்கட்டும், நான் தொரத்தல. வேலாயிக்குத் தூரத்துச் சொந்தம், பேரு ராஜலிங்கம். காளிமுத்துன்னு ஒருத்தரும் கூப்பிடக்கூடாது. ஆத்தாக்காரியும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

முறிந்த பிரம்புக்கு அன்றைக்குத்தான் பதில் சொன்னார், பாவி மனுஷன். வேறு தோட்டத்துக்குப் போய்விடலாம் என்று வேலாயி அக்கா மகனைக் கெஞ்சினாள். அவனால் லயத்துப் படியைத் தாண்டவே இன்னொருவர் தோள் வேண்டியிருந்தது. “கால் வரமாட்டேங்குது ஆத்தா. பேருதானே, போயிட்டுப் போகுது” என்றான். அவளுக்கு அது வெறும் பேராக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ராத்திரியில் பேச்சே கேட்காது. ராஜலிங்கம் என்று மகனைக் கூப்பிட அவளுக்கு நாக்கு புரளவில்லை. அதனால் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

பெரியவர்கள் மனசு கல், பிள்ளைகள் மனசு அப்படி இல்லை என்று நினைத்தாளோ என்னவோ. நான்தானே சொல்லிக் கொடுத்தேன், நானே மாற்றிச் சொன்னால் கேட்பார்கள் என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவனைத் தோளில் தாங்கிக் கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மறுபக்கம் நான் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

“யாருக்குச் சலாம்?”

“காளிமுத்துச் சாமிக்குச் சலாம்!”

“காளிமுத்து இவன்தான். எம்மவன். பட்டாளத்துல வேலை செஞ்சு ஒடம்பு கெட்டு வந்திருக்கான். இவனுக்கு வைங்க சலாம்.”

ஒரு கையும் எழும்பவில்லை. பாலம்மாவின் மகள் மட்டும் ஓர் அடி முன்னால் வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீங்க எத்தன பேர வெட்டுனீங்க?”

அந்த மடையன் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லவில்லை. “நான் யாரையும் வெட்டல பாப்பா. கரிக் கொட்டகைக்குக் காவல் நின்னேன். மழையில நின்னேன். காய்ச்சல் வந்துச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிள்ளைச் சிரிப்பு, அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. வேலாயி அக்கா பதறிப்போய், “ஏழு பேர வெட்டுனது பொய்! நான் சொன்ன பொய்! மழையில காவல் நின்னா அது சும்மாவா? சலாம் வைங்க! வைங்கன்னு சொல்றேன்!” என்று கத்தினாள்.

“அப்பிடிச் சொல்லாதீங்க ஆத்தா” என்றது அந்தப் பெண், நிஜமாகவே பயந்துபோய். “நாக்கு அழுகிப் போயிரும். நீங்கதானே சொன்னீங்க?”

பிறகு பிள்ளைகள் எல்லோரும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, ஆத்தாவை மன்னித்துக்கொள் என்று வேண்டிக் கல்லுக்குச் சலாம் வைத்தார்கள். அவனும் கையைத் தூக்கினான். பழகிய கை அல்லவா, நடுக்கத்திலும் நெற்றிக்குச் சரியாகத்தான் போனது. “விடு ஆத்தா, வா போவோம்” என்றான்.

அந்த மழைக்காலம் தாண்டவில்லை அவன். லாபிர் நானா கண்டியிலிருந்து ஏதோ கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார். தான் கொண்டுவந்த செய்தியால்தானே என்று மனுஷர் மாட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். கஷாயம் உள்ளே தங்கவில்லை. ஒரு விடியற்காலையில் வேலாயி அக்கா சுவரைத் தட்டினாள். நான் போனபோது முடிந்திருந்தது.

ஊர் பேர் இல்லாத ஆட்களைப் புதைக்கிற ஓடைக்கரையில்தான் இடம் கொடுத்தார் கங்காணி. தப்பு அடிக்க ஆள் வரவில்லை. வேலாயி அக்கா லயத்தில் காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். “சலாம் வைக்க வேணாம். புள்ளைகள அனுப்புங்க, ஆளுக்கு ஒரு பிடி மண்ணு மட்டும் போடட்டும்” என்று கேட்டாள். எல்லாக் கதவும் சாத்திக்கொண்டது. எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆண்டவன் அதையும் தரவில்லை. குழிக்குப் பெண்கள் போகிற வழக்கம் கிடையாது. அவளும் நானும் போனோம். நானாவும் என் புருஷனும் தூக்கி வந்தார்கள். என் புருஷன் அன்றைக்கு மட்டும் தரையைப் பார்க்கவில்லை.

கங்காணியின் ஆள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒப்பாரி வைக்கப் பேர் வேண்டாமா? ராஜலிங்கம் என்று சொல்லி அழ அவளுக்கு வரவில்லை. மற்றப் பேரைச் சொன்னால் குழியிலும் இடம் இல்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாள், மண் மூடும் மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்து, “ஆத்தா, சலாம் வைக்க நேரமாச்சு” என்று வாசலில் கூப்பிட்டார்கள். போகாதே என்று நான் தடுத்தேன். எழுந்து போனாள். மகன் பேரை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். பிள்ளைகள் கத்தி முடித்ததும் அப்படியே கல்லின் மேல் விழுந்தாள். “காளிமுத்து! எம்மவனே! என்னப் பெத்த ராசா! மழையில நின்னியா ராசா!” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பாலம்மாவும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். பாலம்மாவும் அழுதாள். அழுது என்ன?

அடுத்த வெள்ளிக்கிழமை வேலாயி அக்காவுக்கு நடக்க முடியவில்லை. வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். பிள்ளைகள் அவளுக்குக் காத்திராமல் அவர்களாகவே பலாமரத்தடியில் வரிசை கட்டினார்கள். பாலம்மாவின் மகள் முன்னால் நின்று, “யாருக்குச் சலாம்?” என்று கேட்டாள். எல்லோரும் கத்தினார்கள். அதோடு போகவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றபடியே அத்தனை பேரும் ஒரே தாளத்தில் மாரில் அடித்துக்கொண்டு, “எம்மவனே! என்னப் பெத்த ராசா! மழையில நின்னியா ராசா!” என்று கூவினார்கள். ஒரு சின்னப் பயல் பிந்திவிட்டான் என்று அந்தப் பெண் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து அழுதார்கள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வேலாயி அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி. அவன் பேரச் சொல்லி அழ வேற யாரு இருக்கா?”

நான் உட்கார்ந்துவிட்டேன். அழுது முடித்ததும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சோற்றுக்கு ஓடினார்கள்.